பருவத்துக்குப் பருவம் தீனி மாறும்போது பாடும் பறவைகளின் வயிறு என்ன செய்கிறது?

நாணல்காடு
ஐரோப்பாவின் நாணல் சதுப்புகளில் வாழும் பியர்டட் ரீட்லிங் இங்கே பலருக்கும் படத்தில் பழக்கமானதுதான். எடை ஏறக்குறைய 15 கிராம்தான். ஆணுக்குக் கண்ணின் கீழ் கறுப்பு மீசை தொங்கும். கோடையில் நாணல் அசுவினி, சிறு புழு, சிலந்தி என்று மென்மையான இரைகளைத் தின்னும் இந்தக் குருவி, இலையுதிர்காலம் வந்ததும் ஏறக்குறைய முழுவதுமாக நாணல் விதைக்கு மாறிவிடுகிறது. வலசையும் பெரிதாகப் போவதில்லை, அதே சதுப்பிலேயே குளிரைக் கழிக்கிறது.

என் கேள்வி இதுதான். அசுவினியைச் செரித்த அதே வயிறு உலர்ந்த விதையை எப்படிச் செரிக்கிறது? உள்ளே எந்த உறுப்பு மாறுகிறது, எவ்வளவு நாளில் மாறுகிறது? தீனி மாறிய பிறகு வயிறு மாறுகிறதா, முன்பே தயாராகிவிடுகிறதா? "இயற்கை தகவமைத்துக் கொடுக்கிறது" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

கரிச்சான்
முதலில் பாதை. பாடும் பறவைகளின் இரைப்பை இரண்டு அறைகள் கொண்டது. முன்னறையான சுரப்பு இரைப்பை அமிலத்தையும், புரதத்தைப் பிளக்கும் பெப்சின் நொதியையும் சுரக்கும். பின்னறை அரைவைப்பை. பல் இல்லாத பறவைக்கு மெல்லும் வேலை முழுக்க அங்கேதான். தடித்த தசைகள், அவற்றின் உள்ளே கொய்லின் என்ற கடினமான தோல் போன்ற பூச்சு. அதற்கு அடுத்துச் சிறுகுடல். அதன் முதல் வளைவுக்குள் கணையம் உட்கார்ந்திருக்கும், பித்தமும் அந்தப் பக்கம்தான் வந்து சேரும்.

ரீட்லிங்கில் கண்ணுக்குத் தெரியும் பெரிய மாற்றம் அரைவைப்பையில் நடக்கிறது. கோடையில் அதன் சுவர் மெலிந்திருக்கும். அசுவினியை நசுக்கப் பெரிய பலம் தேவையில்லை. இலையுதிர்காலத்தில் தசை தடிக்கிறது, பையே கனமாகிறது, கூடவே பறவை மணல்துணுக்குகளை நூற்றுக்கணக்கில் விழுங்கி உள்ளே வைத்துக்கொள்கிறது. வசந்தத்தில் தசை மறுபடி இளைத்துப்போகும், கல்லும் குறையும். ஆஸ்திரிய எல்லையில் உள்ள நியூசீட்லர் ஏரியின் நாணல்காட்டில் நடந்து 1972இல் வெளியான ஆய்வு இந்தப் பருவ மாற்றங்களை விரிவாகப் பதிவு செய்தது.

தசை ஏன் ஆண்டு முழுவதும் தடிமனாகவே இருக்கக்கூடாது என்று கேட்கலாம். சும்மா இருக்கும் தசைக்கும் ஆற்றல் செலவு உண்டு, பறக்கும்போது சுமக்கவும் வேண்டும். 15 கிராம் உடலில் அரை கிராம் கூடுவது சின்ன விஷயமில்லை.

சிறகன்
கல்லு விழுங்குறது எல்லாக் குருவியும் செய்றதுதானே? இதுல பருவம் எங்க வருது?

கரிச்சான்
அளவில் வருகிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் லெய்ட்டன் மாஸ் என்ற சதுப்பு இருக்கிறது. அங்கே நடைபாதை ஓரமாகத் தட்டுகளில் மணல்துணுக்கு வைக்கிறார்கள். அக்டோபர், நவம்பர் காலைகளில் ரீட்லிங்குகள் கூட்டமாக வந்து அந்தத் தட்டுகளில் இறங்கும். படமெடுப்பவர்களும் அந்த வாரங்களில்தான் குவிகிறார்கள். கோடையில் அதே தட்டைச் சீந்த ஆளிருக்காது. நாணல் சதுப்பு முழுக்கச் சேறும் மக்கிய தழையும்தான், கரடான மணல் தேடினாலும் கிடைக்காது என்பதால் இந்த ஏற்பாடு உண்மையிலேயே பயன்படுகிறது.

கல்லின் வேலை விதையின் தோலைக் கீறித் திறப்பது. திறக்காத விதை வந்த வடிவத்திலேயே வெளியே போய்விடும், உள்ளிருக்கும் மாவுச்சத்தை நொதி தொடவே முடியாது. அரைபட அரைபடத் துணுக்குகளும் தேய்ந்து வழவழப்பாகி வெளியேறும். ஆகவே ஒரு முறை விழுங்கினால் போதாது, குளிர்காலம் முழுக்க நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூம்பாறை
இதில் ஒன்றைச் சேர்க்கிறேன். காட்டுக்கோழி வகையைச் சேர்ந்த கிரௌஸ் குளிர்காலத்தில் நார் மிகுந்த தழையைத் தின்று பிழைக்கிறது, ஏனென்றால் அதற்கு நீண்ட குடல்முனைப்பைகள் இரண்டு உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைக்கும். பாடும் பறவைகளில் அந்தப் பைகள் மிகச் சிறுத்து, பெயருக்கு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எனவே தழைக்கு மாறும் வழி இவற்றுக்கு ஏறக்குறைய அடைத்துவிட்டது. பூச்சி இல்லாத காலத்தில் விதை, பழம், தேன் இவற்றில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். பருவ மாற்றம் பற்றிய பேச்செல்லாம் இந்த வரம்புக்குள்தான்.

நொதிக்காரன்
அரைவைப்பையோடு நின்றுவிட்டால் கதை பாதிதான். அரைத்த பிறகு செரிக்க வேண்டுமே. பூச்சி என்றால் பெரும்பாலும் புரதம், கொஞ்சம் கொழுப்பு. பழம் என்றால் சர்க்கரையும் தண்ணீரும். விதை என்றால் இனத்தைப் பொறுத்து மாவுச்சத்து அல்லது எண்ணெய். மூன்றுக்கும் தேவைப்படும் நொதிகள் வேறு.

வட அமெரிக்காவின் பைன் வார்ப்ளர் நல்ல உதாரணம். அந்தக் கதிர்க்குருவிக் குடும்பத்தில் குளிர்காலத்தில் வழக்கமாக விதை தின்பது அது ஒன்றுதான். பழமும் பூச்சியும் உண்டு. கூண்டில் வைத்துப் பூச்சித் தீனி, பழத் தீனி, விதைத் தீனி என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது கணையத்தின் நொதி அளவுகள் தீனிக்கேற்ப மாறின. கணையம் இப்படி விரைவாக வளைந்துகொடுக்கும் உறுப்பு.

சிறுகுடல் சுவரில் உள்ள நொதிகள் அவ்வளவு தாராளமில்லை. நம் ஊர்ச் சிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சிட்டுக்குருவிக்குப் புரதம் கூட்டிக் கொடுத்தால் புரதத்தைப் பிளக்கும் அமினோபெப்டிடேஸ் கூடுகிறது. மாவுச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் சர்க்கரைகளை உடைக்கும் நொதிகளான மால்டேஸ், சுக்ரேஸ் கூடுவதில்லை. ஆனால் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு மாவுச்சத்துத் தீனி கொடுத்தால் அதே மால்டேஸ் ஏறுகிறது, தீனியை மாற்றினால் இறங்கவும் செய்கிறது. வளர்ந்த பறவை இழந்துவிட்ட நெகிழ்வு குஞ்சிடம் இருக்கிறது. காரணமும் புரிகிறது: பிறந்த முதல் நாட்களில் முழுக்கப் பூச்சி, கூட்டை விட்டுப் பறப்பதற்குள் தானியம் என்று வாழ்க்கையின் மிகப் பெரிய தீனி மாற்றம் நடப்பது அந்த இரண்டு வாரங்களில்தான்.

சிறகன்
அப்போ தூக்கணாங்குருவியும் இதே கணக்குத்தானா? நெல்லும் புல்விதையும் தின்னுட்டு, குஞ்சுக்கு மட்டும் வெட்டுக்கிளியைக் கொண்டு வருது.

நொதிக்காரன்
ஆமாம், விதையுண்ணிகளில் பலவற்றின் பழக்கம் அது. குஞ்சின் வளர்ச்சிக்குப் புரதம் வேண்டும். மாவுச்சத்தைப் பிளக்கும் திறன் முதல் நாட்களில் மிகக் குறைவு, வயது ஏற ஏறப் பன்மடங்கு கூடும்.

மைனாப்பிரியை
குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. மொட்டை மாடியில் தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கிறோம். மைனாவும் வந்து குடிக்கிறது. அதற்கு நல்லதா?

நொதிக்காரன்
நல்லதில்லை. கடைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைத்தால்தான் குடல் உறிஞ்சும். உடைக்கும் நொதி சுக்ரேஸ். மைனா, ஸ்டார்லிங், பூங்குருவி, அமெரிக்க மாக்கிங்பேர்ட் இவை அடங்கிய பரம்பரையில் அந்த நொதி குடலில் கிடையாது. உடையாத சுக்ரோஸ் குடலுக்குள் நின்று தண்ணீரை இழுக்கும், விளைவு வயிற்றுப்போக்கு. ஐரோப்பிய ஸ்டார்லிங்கை வைத்து 1980களின் கடைசியில் இதைக் காட்டினார்கள். அதைப் பார்த்து, சுக்ரோஸ் மிகுந்த புளூபெர்ரி ரகங்களை வளர்த்தால் பறவைச் சேதம் குறையுமா என்றுகூட அமெரிக்காவில் யோசித்தார்கள்.

தேன்சிட்டுக்கு சுக்ரேஸ் உண்டு, அதற்குப் பிரச்சினை இல்லை. மைனாவுக்குப் பழுத்த பப்பாளி, அத்திப்பழம் வையுங்கள். பழத்தின் சர்க்கரை பெரும்பாலும் ஏற்கெனவே உடைந்த வகை. மாம்பழத்தில் சுக்ரோஸ் அதிகம், அதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பூம்பாறை
இங்கே சூறைக்குருவியைச் சொல்லாமல் போகக்கூடாது. மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிக் கூட்டங்களை நம்பி இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கம் வருகிறது. இங்கே சோளக் கதிரிலும் கம்பங்கொல்லையிலும் இறங்கும்; ஆலம்பழம், அத்திப்பழம் தின்னும்; இலவும் கல்யாண முருங்கையும் பூத்தால் தேனுக்குக் கூட்டமாக மொய்க்கும். இதுவும் மைனாக் குடும்பம்தான், சுக்ரோஸ் ஆகாது. ஆனால் கல்யாண முருங்கை இனங்களில் கிளையில் உட்கார்ந்து குடிக்கும் பறவைகளை நம்பி இருப்பவற்றின் தேனில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்தான் மிகுதி. அமெரிக்காவில் ரீங்காரச்சிட்டை நம்பும் அதன் உறவு மரங்களின் தேனில் சுக்ரோஸ் தூக்கலாக இருக்கும். எந்தப் பறவைக்கு எந்தத் தேன் என்பதை மரமும் பறவையும் சேர்ந்தே பிரித்து வைத்திருக்கின்றன.

நாணல்காடு
அருமை. ஆனால் இதுவரை சொன்னவை எல்லாம் நாள், வாரக் கணக்கில் நடப்பவை. காலையில் பழம், மதியம் புழு என்று தின்னும் பறவைக்கு?

கரிச்சான்
அதற்கு வேறு ஒரு கைப்பிடி இருக்கிறது: வேகம். பழக்கூழைக் குடலில் வைத்துக்கொண்டிருப்பதில் லாபமில்லை. சர்க்கரை சட்டென்று உறிஞ்சப்பட்டுவிடும், மிச்சம் தண்ணீரும் தோலும் விதையும். ஆகவே பழம் வேகமாகக் கடத்தப்படும். சின்னப் பழந்தின்னிகளில் அரை மணி நேரத்திலேயே எச்சமாகிவிடுவது சாதாரணம். பூச்சிக்குப் புரதம் பிளக்க நேரம் வேண்டும், மெதுவாகவே போகும். அமெரிக்க ராபினில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் உணவில் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் 90 சதவீதத்துக்கும் மேல் பழம், வசந்தத்தில் 10 சதவீதத்துக்கும் கீழ். பழத்துக்கு மாறும்போது அது முக்கியமாகத் திருகுவது இந்த வேகத்தைத்தான். குடல் சுவரின் குளுக்கோஸ் உறிஞ்சும் கடத்திகள் பெரிதாக ஏறவில்லை.

கடத்தி ஏறாமல் எப்படிச் சமாளிக்கிறது என்றால், சிறு பறவைகளில் குளுக்கோஸின் பெரும்பகுதி செல்களுக்கு உள்ளே புகாமல், செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இடுக்கு வழியாகவே ரத்தத்துக்குப் போய்விடுகிறது. பாலூட்டிகளில் இந்த வழி குறைவு. பறப்பதற்காகக் குடலைச் சுருக்கி எடையைக் குறைத்த பறவைக்கு இது ஈடு. ஆபத்தும் உண்டு: தாவரத்தின் நீரில் கரையும் நஞ்சுகளும் அதே இடுக்கு வழியாக நுழையும். ஒரே பழத்தை அளவுக்கு மீறித் தின்னாமல் கலந்து தின்னும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

நொதிக்காரன்
வேகத்தைத் திருகுவதில் உச்சம் யெல்லோ-ரம்ப்டு வார்ப்ளர். 12 கிராம் பறவை. மற்ற வார்ப்ளர்கள் எல்லாம் வெப்பநாடு போய்ச் சேர்ந்த பிறகும், அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் பனியில் தங்கும். காரணம் பேபெர்ரி புதர். அந்தக் காயின் மேல் படிந்திருப்பது மெழுகு, ஒரு காலத்தில் மெழுகுவத்தி செய்யப் பயன்பட்ட சரக்கு. பெரும்பாலான விலங்குகளுக்கு அது செரிக்காது. இந்தப் பறவை 80 சதவீதத்துக்கும் மேல் கிரகித்துக்கொள்கிறது.

எப்படி என்றால், பித்தப்பையில் பித்த உப்பின் செறிவு மிக அதிகம். அதோடு சிறுகுடலுக்குப் போன கலவையைத் திரும்பவும் அரைவைப்பைக்கு ஏற்றிக்கொள்கிறது. பித்தமும் கணைய நீரும் பின்னோக்கி வந்து அரைவைப்பையிலேயே மெழுகைக் குழம்பாக்கிவிடும். கொழுப்பு அங்கே நெடுநேரம் தங்கிச் சிறிது சிறிதாக இறங்கும். நம் சமையலறையில் மிக்ஸியில் எண்ணெயும் முட்டையும் அடித்து மயோனைஸ் ஆக்குவது போன்ற வேலை. பழத்துக்கு வேகம் கூட்டியதற்கு நேர் எதிர்.

அமெரிக்கப் பழந்தின்னியான சிடார் வாக்ஸ்விங் சர்க்கரைப் பழத்தில் கெட்டி, கொழுப்புப் பழத்தில் சுமார். பூங்குருவிகளுக்குக் கொழுப்புப் பழம் அதைவிட நன்றாகச் செரிக்கிறது. ஒரே புதரில் இரண்டும் உட்கார்ந்திருந்தாலும் தட்டு வேறு.

சிறகன்
சரி, மெயின் கேள்விக்கு வாங்க. தீனி மாறி வயிறு மாறுதா, வயிறு மாறி தீனி மாறுதா? எனக்கென்னமோ முதலாவதுதான் சரின்னு படுது. தசை வேலை செஞ்சா தடிக்கும், அவ்வளவுதான். ஜப்பானியக் காடைக்கு நார்த் தீனி போட்டா சில வாரத்துல அரைவைப்பை ஏறக்குறைய இரட்டிப்பாகுது, எடுத்துட்டா திரும்ப இளைக்குது. அதுல பருவமே இல்ல, கூண்டுதான்.

பூம்பாறை
காடை சொல்வது அரைவைப்பையைப் பற்றி மட்டும். அங்கே நீங்கள் சொல்வது சரி. ஆனால் முழுப் பறவைக்கும் அதை நீட்ட முடியாது. ஐரோப்பிய வலசைக் குருவியான கார்டன் வார்ப்ளரை வெளிச்சமும் வெப்பமும் மாறாத அறையில், தீனியும் மாறாமல் வைத்திருந்தாலும், வலசைக் காலத்தில் அது பெருந்தீனி தின்று கொழுக்கிறது. உள்ளே ஓடும் ஆண்டுக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. தின்னும் அளவு ஏறினால் குடலும் சேர்ந்து நீள வேண்டும். அதை வெறும் எதிர்வினை என்று எப்படிச் சொல்வது?

கரிச்சான்
இரண்டு பேரும் வெவ்வேறு உறுப்பைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். பசியும் விருப்பமும் கடிகாரத்தோடு ஓடுகின்றன. தசைத் தடிமனும் கணைய நொதியும் வயிற்றில் வந்து விழுந்ததைப் பார்த்து மாறுகின்றன. ரீட்லிங் விதை பழுக்கும்போதே பூச்சியோடு கலந்து தின்னத் தொடங்குகிறது. அந்தக் கலப்புத் தீனி வாரங்கள்தான் தசைக்குப் பயிற்சிக் காலம்.

விபத்து நடப்பது மறுபக்கத்தில். வசந்தத்தில் சீக்கிரமே வெயில் வந்து, பறவை பூச்சிக்கு மாறி, அரைவைப்பை இளைத்த பிறகு உறைபனி திரும்பினால், விதைக்குத் திரும்பத் தசை இல்லை. அதைக் கட்டும் நாட்கள்வரை தாங்க உடலில் கொழுப்பும் இல்லை. கடுங்குளிரே தனியாகவும் கொல்லும். நாணல் கதிர் மேல் பனி இறுகி விதையை மூடிவிட்டால் எந்த வயிறும் உதவாது. 1947 குளிர்காலத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் ரீட்லிங் இணைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின.

சிறகன்
இது ஏத்துக்கிறேன். வலசைப் பறவையிலும் இதே மாதிரி ஒரு இடைவெளி வருமே? பறந்து வந்து இறங்கின அன்னிக்கு?

கரிச்சான்
வரும், அங்கே இன்னும் கூர்மையாக. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வலசை வழியில் இறங்கும் பிளாக்கேப் என்ற சிறு குருவிகளைப் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டினியில் சிறுகுடலும் கல்லீரலும் கணிசமாக இளைக்கின்றன. தசை, கொழுப்போடு குடலையும் எரித்துத்தான் பறக்கிறது. இறங்கியதும் எதிரில் எவ்வளவு தீனி இருந்தாலும் முதல் ஓரிரு நாள் எடை ஏறாது. முதலில் குடல் சுவர் வளர வேண்டும், பிறகுதான் முழு வயிற்றுத் தீனி. வலசை வழிச் சதுப்புகளும் புதர்களும் ஒரு நாள் நிழலாக மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதுதான் உடலியல் காரணம்.

கூண்டுவாசல்
கேனரி, ஜீப்ரா ஃபின்ச் வளர்ப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடத்தைச் சொல்கிறேன். (புல்புல், முனியா, மைனா எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அவற்றை வீட்டில் வளர்ப்பது பற்றி இங்கே பேச வேண்டாம்.)

தீனியை ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் 3 நாள் புதியது கால் பங்கு, பழையது முக்கால். அடுத்த 4 நாள் பாதிக்குப் பாதி. அடுத்த 4 நாள் முக்கால் பங்கு புதியது. 12ஆம் நாள் முழுதும். தினமும் காலையில் தீனி வைக்கும் முன் கிராம் தராசில் எடை பாருங்கள். ஜீப்ரா ஃபின்ச் 12 முதல் 15 கிராம் இருக்கும். 1 கிராம் இறங்கினாலே மாற்றத்தை நிறுத்திப் பழைய விகிதத்துக்குத் திரும்ப வேண்டும்.

எச்சம்தான் உண்மையைச் சொல்லும். கறுஞ்சுருளும் வெள்ளைப் பகுதியும் தனித்தனியாக இருந்தால் சரி. பழமோ கீரையோ கொடுத்த அன்று தண்ணீராக இருப்பது இயல்பு. விதை முழுசாக வெளியே வந்தால் அரைவைப்பை வேலை செய்யவில்லை. பறவை ஓயாமல் தின்றுகொண்டே மார்பெலும்பு துருத்தி இளைத்தால், இரைப்பையில் குடியேறும் மேக்ரோரேப்டஸ் என்ற பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு எச்சத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர் வேண்டும், தீனியை மாற்றிப் பயனில்லை.

கல் விஷயத்தில் நாணல்காட்டுப் பறவையைப் பார்த்துக் கிண்ணம் நிறைய மணல் வைக்காதீர்கள். ஃபின்ச்சும் கேனரியும் உமியை உரித்துவிட்டுத் தின்பவை, கல் இல்லாமலும் சமாளிக்கும். நோயுற்ற பறவை அளவுக்கு மீறிக் கல் தின்று அடைத்துக்கொள்வது உண்டு. சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு போதும், அது கரைந்துவிடும்.

இனப்பெருக்கக் காலத்து முட்டைத் தீனி: ஒரு அவித்த முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி ரஸ்க் தூள். ஒரு ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி வைத்து, நம் வெயிலில் இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். முளைகட்டிய தினை என்றால் 8 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நாளுக்கு இரண்டு மூன்று தடவை அலசி, வெள்ளை முனை தெரிந்ததும் கொடுங்கள். புளித்த வாடை வந்தால் முழுசாகக் கொட்டிவிடுங்கள். கேண்டிடா என்ற பூஞ்சை பிடிக்க அது ஒன்றே போதும்.

மைனாப்பிரியை
மாடியில் சிட்டுக்குருவிக் குஞ்சு விழுந்து கிடந்தால்? எல்லாரும் சாதத்தைக் குழைத்து ஊட்டச் சொல்கிறார்கள். பாலும் ஊற்றுகிறார்கள்.

கூண்டுவாசல்
முதலில் கூட்டில் திரும்ப வைத்துப் பாருங்கள். கை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. கூடு எட்டவில்லை என்றால் பக்கத்தில் உயரமாக ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டி அதில் வையுங்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு என்றால் தொடவே வேண்டாம், பூனை வராமல் பார்த்தால் போதும்.

அதுவும் முடியாதபோது, வனத்துறையிடமோ மருத்துவரிடமோ சேர்க்கும் வரைக்கும் மட்டும்: முதலில் சூடு, பிறகு தீனி. குளிர்ந்த குஞ்சுக்குக் குடல் நகராது, ஊட்டினால் தேங்கிவிடும். அவித்த முட்டை, தலை நசுக்கிய சிறு புழு, இறக்கை கிள்ளிய ஈசல் இவற்றை உளுந்து அளவுக்கு, பகலில் அரை மணிக்கு ஒரு தடவை. நொதிக்காரன் மேலே சொன்னதுதான், கண் திறக்காத குஞ்சுக்கு மாவுச்சத்தைப் பிளக்கும் நொதி இல்லாத குறை. சாதம் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. பால் கூடவே கூடாது, பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி பறவைக்குக் கிடையாது. வாயில் தண்ணீர் சொட்டுவதும் வேண்டாம், நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. ஈரமான தீனியிலேயே அதற்கு வேண்டிய நீர் இருக்கும்.